ஒரே மாட்டுப் பால்

மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது தோர்கர் ஆஸ்லண்டுக்குப் புதிதல்ல. ஆனால் சட்டசபை உறுப்பினர் ஆன பிறகு, பட்டணத்துக் கோட்டு போட்ட ஒருத்தன் மாட்டின் பின்பக்கம் ஜுரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைச் செருகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கு வால் பிடித்து நிற்பது இதுதான் முதல் தடவை. தொழுவத்துக்குள் மாடுகளின் மூச்சு ஆவியாகி உத்தரத்தில் பனித்துளியாய் ஒட்டியிருந்தது. வெளியே பிப்ரவரிப் பனி முழங்காலுக்கு மேல். கண்ணாடிக் குழாயை உருவி, வைக்கோலில் துடைத்து, சாளரத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான் டாக்டர் புரூட். பார்த்துவிட்டு உடனே எழுதவில்லை. திரும்ப ஒருமுறை பார்த்தான்.

விவசாயக் கல்லூரியின் மாட்டு டாக்டர் அவன். முப்பது வயதுகூட இருக்காது. முந்தின நாள் சாயங்காலம் வந்து ஒவ்வொரு மாட்டுக்கும் தோள்பட்டையில் ஒரு ஊசி போட்டான். சயரோகம் உள்ள மாட்டுக்கு மட்டும் அந்த மருந்து மறுநாள் ஜுரத்தைக் கிளப்புமாம், இல்லாததை ஒன்றும் செய்யாதாம். காலையிலிருந்து வரிசையாக ஜுரம் பார்த்துக்கொண்டு வருகிறான். இதுவரை ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாடு தேறும்போதும் தோர்கர் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "எழுதிக்க தம்பி, இதுவும் பாஸு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மாட்டுக்கு வந்ததும் சொல்ல வாய் திறந்தவர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என்ன, குழாய் ஒடைஞ்சிருச்சா?"

"இல்லைங்க ஐயா. இன்னொரு தடவை பாத்துடறேன்."

அது தாக்ரோஸ். சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் தோல். அந்தப் பள்ளத்தாக்கில் அப்படியொரு மாடு யாரிடமும் கிடையாது. பால் சங்கத்துக்கு வருகிறவர்கள் வழியிறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கூத்து தோர்கர் தானே வரவழைத்துக்கொண்டது. தலைநகரில் விவசாயக் கல்லூரிக்கு நிதி கேட்டு ஒரு மசோதா கமிட்டியில் கிடந்தது. மாட்டு நோய்களை ஆராய ஒரு கட்டடம், ஊர் ஊராகப் போய் மாடுகளைச் சோதிக்க ஆட்கள். கமிட்டியில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சமிருந்தது தோர்கர். ஊர்க்காரர்கள் அவரை சட்டசபைக்கு அனுப்பியதே அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியும் என்பதற்காகத்தான். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது இரண்டு குளிர்காலம். ரயில்வேக்காரன் வந்தாலும் இல்லை, வங்கிக்காரன் வந்தாலும் இல்லை. எவன் எதைச் சொன்னாலும், இதில் அவனுக்கு என்ன லாபம் என்று பார்ப்பார். லாபம் தெரிந்துவிட்டால் அப்புறம் அவன் பேசுவது அவர் காதில் ஏறாது.

கல்லூரித் தலைவரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த விடுதி அறைக்கு ஏறி வந்தார். தோர்கர் வெந்நீர் வாளிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் பொறுமையாகத்தான் பேசினார். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிற மாட்டுக்குள்ளேயும் இந்த நோய் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஊசி போட்டால்தான் தெரியும் என்றார். தோர்கருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப என் மாட்டப் பாத்து எனக்குத் தெரியாதுங்கிறீங்க. கன்னுக்குட்டியா விழுந்த நாள்லேருந்து பாக்கறவன் நான். உங்க ஊசிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!" காலை வாளியிலிருந்து எடுத்தார். தண்ணீர் தலைவரின் பூட்ஸில் தெறித்தது. "என் தொழுவத்துக்கு அனுப்புங்க உங்க ஊசியை. அது ஒரு மாட்டுக்கு நோய்னு சொன்னாலும் ஊரைக் கூட்டி அறுத்துப் பாத்துருவோம். உள்ள சுத்தமா இருந்தா உங்க கல்லூரிக்கு ஒரு செங்கல்லு வைக்கக்கூட நான் கை தூக்க மாட்டேன்."

"நோய் இருந்தா?"

"இருந்தா தூக்கறேன். சொன்னா சொன்னதுதான்."

அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பால் சங்கத் தலைவர் ஐவிண்ட் பிரெக்கி அதைத் தேவாலய வாசலிலேயே எல்லோருக்கும் சொல்லி, சனிக்கிழமை வேடிக்கை பார்க்க வரும்படி அழைப்பும் வைத்துவிட்டார்.

டாக்டர் புரூட் இரண்டாம் முறை பார்த்தான். அதே ஜுரம்தான், முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. நோட்டில் எழுதினான். அவன் வாயைத் திறப்பதற்குள் தொழுவத்துக் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. சிக்னி, தோர்கரின் மருமகள். அவள் புருஷன் நில்ஸ் மரம் வெட்டுகிற வேலைக்கு வடக்கே போயிருந்தான், பனி உருகினால்தான் வருவான். கையில் மூடி போட்ட சின்னத் தூக்கு. அந்நிய ஆள் இருப்பதைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டாள்.

"வாம்மா, வா. ஒன்னும் பண்ண மாட்டான்" என்றார் தோர்கர், கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்த தங்கள் பாஷையில். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாக்ரோஸின் காம்பைப் பிடித்தார். தூக்கு நிரம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பால் யாருக்குங்க?" என்றான் புரூட்.

"என் பேத்திக்கு." இதை இங்கிலீஷில் சொல்லும்போது தோர்கரின் குரலில் பெருமை ஏறியது. "பொறந்ததுலேருந்து அவளுக்கு இந்த ஒரு மாட்டுப் பால்தான். வேற பால் ஒரு சொட்டு போனதில்ல."

அங்கே அது வழக்கம். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் பல மாட்டுப் பாலைக் கலந்து கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாது, ஒரே மாட்டுப் பால்தான் கொடுக்கவேண்டும் என்று மருத்துவச்சியும் சொல்வாள், பாதிரியார் மனைவியும் சொல்வாள். இங்கா பிறந்ததும் சிக்னிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனபோது, எந்த மாடு என்று தீர்மானித்தது தோர்கர். ஒவ்வொரு மாடாகக் கழுத்தைத் தடவி, கண்ணிமையை விலக்கி, சாணத்தைக்கூட முகர்ந்து பார்த்து, அன்றைக்கெல்லாம் தொழுவத்திலேயே கிடந்து இந்த மாட்டைத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து அந்தப் பாலை வேறு யார் கறந்தாலும் ஒப்பமாட்டார். கறந்த சூடு ஆறுவதற்குள் குழந்தை குடித்துவிடவேண்டும். போன வருஷம் இங்காவுக்குக் கழுத்தில் கட்டி கட்டியாகக் கண்டமாலை வந்தது. ஒரு கட்டி உடைந்து வடிந்தது. அப்புறம் இடுப்பு வலிக்கிறது என்று காலை இழுத்து நடந்தாள், பிறகு நடப்பதையே விட்டுவிட்டாள். பட்டணத்து டாக்டர் வந்து பார்த்து, குழந்தைக்குச் சத்துப் போதவில்லை, நல்ல பாலாக நிறையக் கொடுங்கள் என்றார். காலையும் மாலையும் கொடுத்துக்கொண்டிருந்ததை மத்தியானமும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"குழந்தைக்கு உடம்புக்கு ஏதாச்சும்...?" என்றான் புரூட்.

"நீ மாட்டு டாக்டருதானே?"

"ஆமாங்க. ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

தோர்கர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் சிக்னி, என்ன புரிந்ததோ, தலையை அசைத்துவிட்டு அவனுக்கு வழி விட்டாள். இரண்டு பேரும் பனியில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். தூக்கை அவள் எடுக்கவில்லை. முக்காலியின் பக்கத்தில் அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவன் சீக்கிரமே திரும்பி வந்தான். வந்தவன் முகத்தில் காலையில் இருந்த சுறுசுறுப்பு இல்லை. நோட்டைக் கோட்டுப் பையில் போட்டான்.

"ஐயா, இந்த மாட்டை அறுக்க வேணாம்."

"ஏன்?"

"இதுக்கு ஜுரம் ஏறியிருக்கு. நான் இதைக் கல்லூரிக்கு ஓட்டிட்டுப் போறேன். அங்க வச்சு நாங்க பாத்துக்கறோம். நாளைக்கு ஜனங்க வந்தா, ஊசியில சரியாத் தெரியலைன்னு நான் சொல்லிக்கறேன்."

"என் ஓட்டு?"

"அதைப் பத்தி இப்ப வேணாம்." தூக்கைப் பார்த்தான். "இந்தப் பாலை மட்டும் குழந்தைக்குக் குடுக்காதீங்க. வேற எதோட பாலாச்சும் காய்ச்சிக் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னான். இன்னும் கொஞ்சம் சொல்லியிருந்தால் ஒருவேளை தோர்கர் யோசித்திருப்பார். கொஞ்சமாகச் சொன்னதால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரைக் கூட்டி அறுக்கலாம் என்றதற்குக் கல்லூரித் தலைவர் ஒத்துக்கொண்டார். இப்போது மாடு கிடைத்தபிறகு, அறுக்கவேண்டாம், எங்கள் இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்கிறான். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஏதோ மாட்டின் ஈரலைப் பாட்டிலில் போட்டுக் கமிட்டிக்கு அனுப்பமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஊசி பொய். அது இவனுக்கே தெரியும். இந்த மாட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, எல்லோர் முன்னாலும் மானம் போகும், அதனால்தான் நழுவப் பார்க்கிறான். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்ததெல்லாம் பாசாங்கு. இப்படி நினைத்ததும் தோர்கருக்கு நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பு எவ்வளவு அவசரமாக வந்தது என்பதை அவர் கவனிக்காமல் இருக்கப் பார்த்தார்.

"நாளைக்கு அறுக்கிறோம்" என்றார். "நீ எங்கயும் போயிடாத. கத்தி உன் கையிலதான்."

சாயங்காலம் பால் கறக்கும்போது தாக்ரோஸிடம் கடைசியாக வந்தார். கறந்தார். தூக்கை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவர் நின்றார். திரும்பி வந்து பாலைப் பன்றித் தொட்டியில் கொட்டிவிட்டு, பக்கத்து மாட்டில் கறந்து எடுத்துப்போனார். அடுப்படியில் சிக்னி உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேற மாட்டுப் பாலு" என்றார், அவளைப் பார்க்காமல். "அதுக்கு ஊசி போட்டு ஜுரமா இருக்கு."

சிக்னி கத்தியைக் கீழே வைத்தாள். நாலு வருஷத்தில் அந்த மாடு ஈன்றபோதுகூட, இன்னொரு மாட்டுப் பால் கொடுத்தால் ஆகாது என்று ஓட்ஸ் கஞ்சி கொடுக்க வைத்தவர் அவர்.

"டாக்டர் என்ன சொன்னாரு மாமா?"

"மாட்டுக்கு ஜுரம்னு சொன்னான்."

"இங்கா கழுத்தைத் தொட்டுப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு. ஏன் அப்படிப் பாத்தாரு?"

"படிச்சவன் அப்படித்தான் பாப்பான். அவனுக்கு நிதி வேணும், கட்டடம் வேணும். அதுக்கு எதை வேணும்னாலும் பாப்பான்."

சிக்னி கத்தியை எடுத்து மறுபடி தோலுரிக்க ஆரம்பித்தாள். 

சனிக்கிழமை காலையில் பனிவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பால் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குதிரைகள் மேல் கம்பளி போர்த்திவிட்டு ஆண்கள் களத்தில் வட்டமாக நின்றார்கள். ஐவிண்ட் பிரெக்கி கோட்டுக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்துச் சுற்றுக்கு விட்டார். டாக்டருக்குப் புரியாது என்ற தைரியத்தில் எல்லோரும் தங்கள் பாஷையிலேயே பேசினார்கள்.

"இந்தப் பொடியனா மாட்டுக்கு வைத்தியம் பாக்கறான்? மொதல்ல இவனுக்கு ஒரு டம்ளர் பால் குடுங்கப்பா, காத்துல பறந்துறப் போறான்."

"கல்லூரியில மாட்டுக்கெல்லாம் பாடம் நடத்துறாங்களாமே ஐவிண்டு?"

"ஆமா. பாஸான மாட்டுக்குக் கழுத்துல டை கட்டி விடுவாங்க. பெயிலான மாட்டை வாத்தியாரா வச்சுக்குவாங்க."

சிரிப்பு கிளம்பியது. தோர்கர் சிரிக்கவில்லை. "ஏய் தோர்கரு, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? நீ ஜெயிக்கப்போற கட்சி" என்று ஐவிண்ட் அவர் முதுகில் அடித்தார். "செவ்வாய்க்கிழமை கமிட்டியில எழுந்து நின்னு, நாங்க அறுத்துப் பாத்தோம், ஒரு மண்ணும் இல்லன்னு நீ சொல்லணும். நான் ரயிலேறி வந்து பாக்கறேன் அந்த வேடிக்கைய."

டாக்டர் புரூட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கத்திகளைப் பலகை மேல் பரப்பினான். தோர்கர் பக்கத்தில் வந்தபோது மெதுவாக, "இன்னும் நேரம் இருக்குங்க ஐயா" என்றான்.

"உனக்கு பயமா இருக்கு."

"ஆமாங்க" என்றான் அவன். "பயமாத்தான் இருக்கு."

தோர்கர் போய் தாக்ரோஸை அவிழ்த்து வந்தார். எந்த மாடும் புது ஆட்களைக் கண்டால் கால் ஊன்றும். இது அவர் கை கழுத்தில் இருக்கிறவரைக்கும் எங்கே வேண்டுமானாலும் வரும். பனி வெளிச்சத்தில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் வந்து அமைதியாக நின்றது. கோடாரியின் பின்புறத்தால் நெற்றிச் சுட்டியில் ஒரே அடி. அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாடு முழங்கால் மடிந்து விழுந்தது. கழுத்தை அறுத்தார். வழக்கமாக இந்த நேரத்தில் பெண்கள் பாத்திரத்தோடு நின்று ரத்தத்தைப் பிடிப்பார்கள், மாவு கலந்து உருண்டை பிடிக்க. இன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. ரத்தம் பனியில் குழி பறித்துக்கொண்டு இறங்கியது.

புரூட் வேலையை ஆரம்பித்தான். அவன் கை வேகத்தைப் பார்த்து முன்வரிசையில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. நெஞ்சைத் திறந்து நுரையீரலை வெளியே இழுத்துப் போட்டான். சுத்தமாக, இளஞ்சிவப்பாக, ஆவி பறந்தது. விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிக் காட்டினான். ஒன்றும் இல்லை. ஈரலை எடுத்தான். அதுவும் வழவழவென்று இருந்தது.

"நுரையீரல் சுத்தம். ஈரலும் சுத்தம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னான்.

களம் அதிர்ந்தது. தொப்பிகள் மேலே பறந்தன. ஐவிண்ட் பிரெக்கி தோர்கரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். "சொன்னேனா இல்லையா! இந்த ஈரலை வறுத்து அவங்க தலைவருக்கு அனுப்புங்கடா!" அன்றைக்கு முதல் தடவையாகத் தோர்கரும் சிரித்தார்.  தாக்ரோஸ் போனால் போகிறது. குழந்தைக்கு வேறு மாடு பார்த்துக்கொள்ளலாம். அவர் கொடுத்தது நல்ல பால். நாலு வருஷமும் நல்ல பால்.

அப்போதுதான் புரூட்டைப் பார்த்தார். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பனியை அள்ளிக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். மாட்டின் பின்பக்கம் இன்னும் அவன் கை போகவில்லை.

"முடிஞ்சுதா?" என்று ஐவிண்ட் அவனிடம் உடைந்த இங்கிலீஷில் கத்தினார். "ஏய் டாக்டர், முடிஞ்சுதுல்ல?"

 புரூட் நிமிர்ந்து தோர்கரைப் பார்த்தான். நீயே சொல் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

தோர்கர் வாழ்நாளெல்லாம் ஒரே கணக்கை வைத்துத்தான் மனிதர்களை எடை போட்டிருக்கிறார். இதில் இவனுக்கு என்ன லாபம்? அந்தக் கணக்கு இங்கே உதவவில்லை. மேற்கொண்டு அறுத்தால் இவனுக்குக் கட்டடம் கிடைக்கலாம். அறுக்காமல் நின்றால் எல்லாம் போச்சு, ஊர் சிரிக்கும், வேலையும் போகலாம். அப்படியும் நிற்கிறான். லாபத்தை விட்டுவிட்டு ஒருவன் நிற்கிறான் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் நேற்றே வேண்டாம் என்றான்.  இடது பின்மடி போன மே மாசத்திலிருந்து ஒரு கை அளவு இடத்தில் கொஞ்சம் கெட்டியாக இருந்தது அவர் விரலுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து மாடு முட்டியிருக்கும் என்று நினைத்து வெண்ணெய் தடவி விட்டார்.

"முடிஞ்சுது" என்றார் தோர்கர். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "போதும். எல்லாரும் உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

புரூட் கத்தியைக் கீழே வைத்தான்.

"மடி."

யாரோ சொன்னது போல இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அடுப்படிக் கதவில் சிக்னி நின்றிருந்தாள், தலையில் சால்வைகூட இல்லாமல். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆண்கள் கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதுவும் இங்கிலீஷில். அவளுக்கு அந்த பாஷை தெரியும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. படி இறங்கி வந்தாள். டாக்டருக்கு மட்டும் புரியவேண்டும் என்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள்.

"மடி. மடியை அறு. எனக்குப் பாக்கணும்."

"சிக்னி, உள்ள போ" என்றார் தோர்கர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அறு" என்றாள் மறுபடியும்.

புரூட் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து கத்தியை எடுத்தான். மடியைத் தனியாகப் பிரித்துப் பலகையில் போட்டான். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து இன்னும் பால் கசிந்தது. இடது பின்பகுதியில், மேலே, நெறி கட்டுகிற இடத்தில் கத்தியை வைத்து இழுத்தான். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை. மணலில் இழுத்தது போல நறநறவென்றது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாகப் பிளந்து விரித்தான். மஞ்சளாக, உதிரி உதிரியாக, பழைய பாலாடைக்கட்டி மாதிரி நிரம்பியிருந்தது. நடுநடுவே சுண்ணாம்புக் கற்கள். ஐவிண்ட் பிரெக்கி முன்னால் வந்து கையுறையைக் கழற்றினார். ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார். அது பொடியாகி உதிர்ந்தது. விரலைப் பனியில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இதனாலதானா?" என்று கேட்டாள் சிக்னி. இந்தத் தடவை தன் பாஷையிலேயே கேட்டாள். ஆனால் புரூட்டுக்கு அது புரிந்துவிட்டது.

"தெரியாதும்மா." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "சத்தியமாத் தெரியாது. பெரிய ஆளுங்கள்லயே சிலர் ஆமாங்கறாங்க, சிலர் மாட்டு நோய் மனுஷனுக்கு வராதுங்கறாங்க. எனக்கு ஒரு எண்ணம் இருக்கு. எண்ணம் வேற, தெரியறது வேற. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நாங்க..." நிறுத்திக்கொண்டான். கட்டடம், நிதி என்று அந்த இடத்தில் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "பாலை நல்லாக் காய்ச்சிக் குடுங்க. கொதிச்சுப் பொங்கணும். அது போதும்."

குதிரைகளை அவிழ்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரும் யாரிடமும் விடைபெறவில்லை. வந்த வேகத்துக்கு எதிராக, சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள்போல ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. ஐவிண்ட் மட்டும் போகவில்லை. அவருக்கு நாலு குழந்தைகள், கடைசிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. தோர்கரைக் கடந்து டாக்டரிடம் போய் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

"எங்க தொழுவத்துக்கும் வருவீங்களா? இன்னிக்கே?"

"வர்றேன். ஆனா இங்க மருந்து தீந்துபோச்சுங்க. கல்லூரியிலயும் கொஞ்சம்தான் இருக்கு."

"எப்ப வரும்?"

புரூட் கத்திகளைத் துணியில் சுருட்டினான். ஐவிண்ட் தோர்கரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் கேட்டார்.

"தோர்கரு. செவ்வாக்கிழமை என்ன சொல்லுவே?"

தோர்கர் மாட்டை இழுத்துப் புதைக்கக் கயிறு தேடிக்கொண்டிருந்தார். 

கடைசியில் புரூட்தான் மிஞ்சினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கமிட்டியில குழந்தையைப் பத்திப் பேச வேண்டியதில்லைங்க ஐயா. மடியில இருந்தது, பாத்தோம்னு சொன்னாப் போதும். நானும் எங்க தலைவர்கிட்ட அதுக்கு மேல சொல்ல மாட்டேன்" என்றான்.

"நான் என்ன பேசணும்னு நீ எனக்குச் சொல்லாத" என்றார் தோர்கர்.

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். ரயிலடிக்கு நல்ல தூரம். வண்டி பூட்டித் தருகிறேன் என்று சொல்லவேண்டும் என்று தோர்கருக்குத் தோன்றியது, ஆனால் வாய் வரவில்லை. அவன் கறுப்புக் கோட்டு வேலியைத் தாண்டிப் பனியில் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மடி கிடந்த பலகையைத் தீயில் போட்டு எரித்தார். கைகளைப் பனியில் கழுவினார், பிறகு வெந்நீரில், பிறகு சோப்புப் போட்டு. வீட்டுக்குள் போனபோது அடுப்பில் பால் இருந்தது. அந்த வீட்டில் பாலை அடுப்பில் ஏற்றி அவர் பார்த்ததில்லை. கறந்த சூட்டில் குடிப்பதுதான் பால். சிக்னி பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் விளிம்புக்கு ஏறி, நுரைத்து, வழிந்து, இரும்பு அடுப்பில் விழுந்து கருகியது. அவள் இறக்கவில்லை. வழிந்து முடிகிறவரைக்கும் விட்டுவிட்டு, மிச்சத்தைக் கோப்பையில் ஊற்றினாள்.  கருகின பால் நாற்றம் வீடெல்லாம் பரவியது.

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் என்ன சொல்லிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று டாக்டரே சொல்லிவிட்டான். தெரியாத ஒன்றுக்கு மன்னிப்பும் கேட்கமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. களத்தில் தான் சொன்ன முடிஞ்சுது என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. மாட்டைத் தேர்ந்தெடுத்தபோது தெரியாமல் செய்தார். அந்தச் சொல்லைத் தெரிந்துதான் சொன்னார். சட்டசபையில் எழுந்து நின்றால் மாட்டைப் பற்றிச் சொல்லலாம், மடியைப் பற்றிச் சொல்லலாம். அது யாருக்குப் போன பால் என்று ஒருத்தன் எழுந்து கேட்டால்?

சிக்னி கோப்பையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க மாமா."

அவள் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டார்.

இங்கா சாளரத்தோரம் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. காலையிலிருந்து கேட்ட சத்தமெல்லாம் என்ன என்று அவள் கேட்கவில்லை. பசி. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று முகத்தைச் சுளித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பாலின் மேல் ஏடு படிந்திருந்தது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. சுண்டுவிரலை விட்டு மெதுவாகத் தூக்கினாள். ஏடு கிழியாமல், மஞ்சளும் வெள்ளையுமாய்ச் சுருங்கிக்கொண்டு, விரல் நுனியில் தொங்கியது.

"தாத்தா, இது என்னது?" என்று கேட்டு அதை அவர் பக்கம் நீட்டினாள்.

தோர்கர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏட்டிலிருந்து ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது. அடுத்த சொட்டு திரண்டு, விழாமல், நுனியிலேயே நின்றது. குழந்தை கையை அப்படியே நீட்டிக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.